வெப்பமும் வெப்பநிலையும்: சிறுவர் விஞ்ஞான உரைநடை பற்றி ஒரு நோக்கு

1

எமது இலக்கிய விமரிசனம் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றையே பெரும்பாலும் தனது ஆய்வுப் பொருள்களாகக் கொண்டு வந்துள்ளது. பாடசாலைப் பிள்ளைகளின் கைகளுக்கு ஆண்டுதோறும் போய்ச் சேரும் உரைநடை, அதாவது விஞ்ஞானப் பாடநூல்களினதும் சிறுவருக்கான விஞ்ஞான நூல்களினதும் உரைநடை, விமரிசகரின் கவனத்தை அரிதாகவே பெற்றுள்ளது. அது கல்வியியலாளரின் துறை, கலைச்சொல்லாக்கக் குழுவினரின் துறை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆயின் ஒரு நாவலை ஆயிரம் பேர் வாசிக்கும் சமூகத்தில் ஒரு பாடநூலை இலட்சம் பிள்ளைகள் வாசிக்கின்றனர். உலகைப் பற்றிய முதலாவது முறைசார்ந்த விளக்கத்தை அவர்கள் பெறுவது அந்த உரைநடையின் வாயிலாகவே. மொழிக்கும் சமூகத்துக்குமுள்ள உறவைப் பேசும் விமரிசனம் இதனைப் பேசாது விடுதல் பொருந்தாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய ஒரு பகுதியாகும். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு எழுதிக் காட்டுவது என்பதே அது. ஆரம்பப் பௌதிகவியலில் இவ்விரு கருத்துக்களும் ஒன்றோடொன்று மயங்குவது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. ரொசலின்ட் டிரைவர் முதலியோர் 1985இல் பதிப்பித்த, விஞ்ஞானம் பற்றிய சிறுவர் கருத்துக்களை ஆராயும் தொகுப்பிலும் வெப்பமும் வெப்பநிலையும் ஒரு தனி இயலாக இடம்பெற்றன. ஒரே வெப்பநிலையிலுள்ள இரு குவளை நீரை ஒன்றாகக் கலந்தால் வெப்பநிலை இரட்டிக்கும் என்று கருதும் பிள்ளைகள் எல்லா நாடுகளிலும் உள்ளனர். எனவே இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. எனினும் ஒவ்வொரு மொழியிலும் இம்மயக்கம் அம்மொழிக்கேயுரிய உருவத்தைப் பெறுகின்றது. அவ்வுருவத்தை அறிவது மொழியோடு தொழில்புரிவோரின் கடமையாகும்.

2

தமிழ்ப் பிள்ளை பாடசாலைக்கு வருமுன்னரே வெப்பம் பற்றிய ஒரு சொற்றொகுதியோடு வருகின்றது. சூடு, வெக்கை, புழுக்கம், அனல், தணல், கொதி, வெதுவெதுப்பு என்பன அதற்குத் தெரியும். காற்றசையாத சித்திரை மாதத்து மத்தியானத்தை யாழ்ப்பாணத்தார் ‘அவிச்சல்’ என்பர். இச்சொற்களுட் சில படிநிலையைக் குறிப்பன. இளஞ்சூடு, கடுஞ்சூடு என்பன அத்தகையன. வேறு சில உடல் உணர்வதைக் குறிப்பன. ‘கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகுது’ என்று தாய் கூறும்போது குளிரே ஒரு பொருளாகி வீட்டினுள் நுழைகின்றது. இவற்றுள் எதுவும் ‘எவ்வளவு வெப்பம்’, ‘எந்த நிலையில் வெப்பம்’ என்ற இரு கேள்விகளையும் பிரித்துக் காட்டுவதில்லை. வெயிலில் இளஞ்சூடாய்க் கிடக்கும் குளத்து நீர், அடுப்பிலிருந்து இறக்கிய ஒரு குவளை கொதிநீரைக் காட்டிலும் பன்மடங்கு கூடுதலான வெப்பத்தைக் கொடுக்கவல்லது. இதனைப் பேச்சுத்தமிழில் சொல்ல முயல்வோர் இடறுவர். சூடு கூடியது குவளை என்பதே அம்மொழி தரும் விடை.

கலைச்சொல் இம்மயக்கத்தைத் தீர்க்கின்றதா? ‘வெப்பநிலை’ என்பது உண்மையில் நல்லதோர் ஆக்கம். நிலை என்ற சொல் உயரத்தையும் படியையும் உணர்த்துவதால், தொட்டியிலுள்ள நீரின் அளவு வேறு, நீர்மட்டம் வேறு என்ற ஒப்புமைக்கு அது வழிவிடுகின்றது. ஆயின் அதே சொல் தன்னுள் வெப்பத்தையும் தாங்கி நிற்பதால், வெப்பநிலை என்பது வெப்பத்தின் ஒரு வகை என்று பிள்ளை எண்ணவும் இடமுண்டு. ‘வெப்பமானி’ என்ற சொல்லோ நேராகவே தவறான வழியைக் காட்டுகின்றது. மானி என்பது அளப்பது. எனவே வெப்பமானி வெப்பத்தை அளக்கும் என்று பிள்ளை கொள்வது தமிழறிவின் வழிப்பட்ட நியாயமான முடிபாகும். அக்கருவி அளப்பதோ வெப்பநிலையை. ‘இன்று வெப்பம் 34 பாகை’ என்னும் வழக்கு இம்முடிபை நாள்தோறும் உறுதிசெய்கின்றது.

இதனைக் கண்டு தமிழின் வறுமை என்று முடிவுகட்டுவோர் உளர். 2001ஆம் ஆண்டளவில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களை ஆங்கிலத்தில் பயில மீண்டும் வழிதிறக்கப்பட்டபின் இக்குரல் வலுப்பெற்றது. ஆயின் ஆங்கிலச் சொல்லான தெர்மோமீற்றரும் கிரேக்க மூலத்தில் வெப்பத்தை அளப்பது என்றே பொருள்படும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் பிள்ளைகளும் அதே குழியிலேயே விழுகின்றனர். மொழியை மாற்றுவதால் மயக்கம் தீராது. மயக்கத்தைக் கண்டுகொள்ளும் வாய்ப்பே குறையும். தன் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்துப் பார்த்து, இச்சொல் சொல்வது ஒன்று, கருவி செய்வது வேறொன்று என்று கூறவல்ல பிள்ளை, அச்சொல்லைத் தாய்மொழியில் பெற்ற பிள்ளையே.

3

சொல்லின் மயக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறிஞரிடத்தும் இவ்விரு கருத்துக்களும் தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை. பரனைற்று 1724இலும் செல்சியசு 1742இலும் தத்தம் அளவீடுகளை வெளியிட்டனர். கருவி வந்துவிட்டது. ஆனால் அது எதனை அளக்கின்றது என்பது குழம்பியே கிடந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோசப் பிளாக் 1760களின் தொடக்கத்தில், உருகும் பனிக்கட்டி தொடர்ந்து வெப்பத்தை ஏற்றும் வெப்பமானி உயராதிருப்பதைக் கொண்டு மறைவெப்பம் என்னும் கருத்தை நிறுவினார். வெப்பத்தின் அளவு வேறு, அதன் செறிவு வேறு என்ற பிரிவு அதனோடு நிலைபெற்றது. அதே பல்கலைக்கழகத்தில் கருவி திருத்துபவராக இருந்த ஜேம்ஸ் வாட் 1763-64இல் நியூகோமன் நீராவிப்பொறியின் மாதிரியொன்றைச் செப்பனிட நேர்ந்தது. சிறிதளவு நீராவி பெருமளவு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு வியந்த அவருக்கு அதன் காரணத்தை விளக்கியவர் பிளாக்கே. சுரங்கங்களிலிருந்து நீரிறைக்கும் பொறி எவ்வளவு நிலக்கரியைத் தின்கின்றது என்ற கேள்வி பிரித்தானிய முதலாளிகளின் இலாபநட்டக் கேள்வியாக இருந்த காலம் அது. ‘எவ்வளவு வெப்பம்’ என்று கேட்கும் தேவையைச் சமூகம் அடைந்திருந்த சூழலிலேயே அக்கேள்வி விஞ்ஞானத்திலும் கூர்மைபெற்றது. 1798இல் றம்போர்டு, மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடையும்போது உராய்வினால் ஓயாது எழும் வெப்பத்தைச் சுட்டிக்காட்டி, வெப்பம் ஒரு பாய்பொருள் என்ற கொள்கையை ஐயுற்றார். அங்கும் களமாக அமைந்தது ஒரு தொழிற்கூடமே.

இவ்வரலாற்றை நாம் இங்கு விரித்தமைக்குக் காரணமுண்டு. பேரறிஞர் பலர் நெடுங்காலம் பிரித்தறியாத ஒன்றைப் பிள்ளை ஒரு பாடவேளையில் பிரித்தறிய வேண்டுமென நாம் எதிர்பார்க்கிறோம். அதற்காக நாம் அதன் கையிற் கொடுப்பதோ இரண்டு வரைவிலக்கணங்கள். ‘வெப்பம் என்பது சத்தியின் ஒரு வடிவமாகும்’ என்னும் வகையான வாக்கியங்களை நாமும் சிறுவராயிருந்தபோது மனனஞ் செய்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். அவ்வுரைநடையின் இலக்கணத்தை நோக்குமிடத்து ஒன்று புலனாகும். அதில் செய்பவர் எவரும் இல்லை. நீர் வெப்பமேற்றப்படுகின்றது, பெறுபேறு அவதானிக்கப்படுகின்றது. அடுப்பை மூட்டியவர் எவர், விறகு எங்கிருந்து வந்தது, ஏன் அளக்க வேண்டியிருந்தது என்பன அகற்றப்பட்டுவிடுகின்றன. எஞ்சுவது முடிந்த முடிபு. முடிந்த முடிபை ஏற்கலாம், மறக்கலாம். அதனோடு வாதிட இயலாது.

‘நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்து வளியமுக்கத்தில் அது உண்மை. கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கின்றது. தோட்டத்துப் பாடசாலையொன்றில் வெப்பமானியைக் கொதிநீரில் இட்டுப் பார்க்கும் பிள்ளை 94 என்று வாசித்தால், நூல் சொல்வதையே உண்மையெனப் பழகிய வகுப்பறையில் பிழை பிள்ளையினதாகவோ கருவியினதாகவோ ஆகிவிடும். பருப்பு அவியச் சுணங்குவதை அறிந்த அதன் தாயின் அனுபவம் அங்கு சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. எமது மதிப்பீட்டில், விஞ்ஞானத்தின் பெயரால் விஞ்ஞான மனப்பாங்கு தோற்கடிக்கப்படும் இடம் இதுவே.

4

இதற்கு மாறான ஓர் உரைநடை மரபையும் நாம் அறிவோம். யாக்கோவ் பெரெல்மான் 1913இல் பீட்டர்ஸ்பேர்க்கில் வெளியிட்ட ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ பல பதிப்புக்களில் திருத்தமும் விரிவும் பெற்றது. சோவியத் பதிப்பகத்தின் வாயிலாகத் தமிழிலும் மலிவு விலையில் கிடைத்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்நூல்களின் வரவு நின்றபோதும், பழைய படிகள் எமது நாட்டு வாசகசாலைகள் சிலவற்றில் நெடுங்காலம் கைமாறி வந்தன.

வெப்பம் பற்றிய அந்நூலின் பகுதிகளில் பெரெல்மான் வரைவிலக்கணத்தோடு தொடங்குவதில்லை. எவரும் கேட்கத் துணியாத கேள்வியோடு தொடங்குகின்றார். மயிர்த்தோற் கோட்டு உடலைச் சூடாக்குகின்றதா என்று கேட்டு, வெப்பமானியைக் கோட்டினுள் சுற்றிவைத்தாலும் அது உயர்வதில்லை என்கிறார். பனிக்கட்டியை அதனாற் போர்த்தினாற் பிந்தியே உருகும் என்று காட்டுகின்றார். ஆகவே கோட்டு வெப்பத்தைத் தருவதில்லை, வெப்பத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றது என்ற முடிபு வாசகனிடத்தே தானாக எழுகின்றது. வேறோரிடத்தில் கொதிநீரினால் நீரைக் கொதிக்கவைக்க முடியுமா என்று கேட்கின்றார். கொதிக்கும் நீரையுடைய பாத்திரத்தில், அடியைத் தொடாதவாறு தொங்கவிட்ட சிறு போத்தலிலுள்ள நீர் 100 பாகையை எட்டும், ஆயினும் கொதிக்காது. வெளியேயும் உள்ளேயும் வெப்பநிலை ஒன்றானதும் உள்ளே வெப்பம் பாய்வது நின்றுவிடுகின்றது. கொதிப்பதற்கோ மேலும் வெப்பம் தேவை. வெளிநீரில் உப்பை இட்டால் அதன் கொதிநிலை உயர, உள்நீரும் கொதிக்கும். வெப்பத்துக்கும் வெப்பநிலைக்குமுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் சிறுவர் உரைநடைப் பகுதியை நாம் கண்டதில்லை.

இவ்வெழுத்தின் உத்தியை இலக்கிய மாணவர் எளிதில் இனங்காண்பர். பழகிப்போனதைப் பழகாததாக்கிக் காட்டும் முறை அது. பிரெக்ற் தமது ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகத்தின் தொடக்கத்தில், வீட்டு வேலைக்காரியின் மகனான அந்திரேயாவுக்குக் கலிலியோ வானியல் கற்பிப்பதாக அமைத்தமை மனங்கொளத்தக்கது. பணங்கொடுத்துக் கற்கவரும் செல்வந்த இளைஞனைக் காட்டிலும் அச்சிறுவனே வினவுகின்றான். பெரெல்மானின் வாசகனும் வினவுபவனே. ஆசிரியர் அவனைத் தாழ்த்துவதுமில்லை, அவனிடம் குழைவதுமில்லை. மக்கள்மீது நம்பிக்கை கொண்ட எழுத்தின் தொனி அது. லெனின்கிராட் முற்றுகையின்போது, 1942 மார்ச்சில், அவர் பசியால் இறந்தார்.

எனினும் பெரெல்மானிடத்தும் குறைகள் இல்லாமலில்லை. முதலாவதாக, ‘பொழுதுபோக்கு’ என்ற வடிவம் உழைப்பைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடுகின்றது. ஆச்சரியம் அடுத்தடுத்து வருகின்றது. ஆயின் இக்கேள்விகளை மனிதர் ஏன் கேட்க நேர்ந்தது என்ற வரலாறு பின்தங்கிவிடுகின்றது. இரண்டாவதாக, மயிர்த்தோற் கோட்டினை உருசியப் பிள்ளை அறியும்; பருத்தித்துறைப் பிள்ளை அறியாது. அதே உண்மையை அப்பிள்ளை வேறு வடிவில் நாள்தோறும் காண்கின்றது. மீன்வாடியில் ஐஸ்கட்டியைச் சாக்கினாற் சுற்றி உமிக்குள்ளோ மரத்தூளுக்குள்ளோ புதைத்து வைப்பர். சாக்கு சூடாக்குமாயின் ஐஸ் விரைந்து உருகவேண்டுமே என்ற கேள்வியை எமது எழுத்தாளர் கேட்டிருக்கலாம். நுண்துளைகளையுடைய மட்பாண்டம் நீரைக் குளிரச் செய்வதைப் பெரெல்மான் எழுதிய பக்கங்களோ, எமது வீட்டு மூலையிலிருந்த மண்குடத்தையே பேசுகின்றன. சொற்களைப் பெயர்த்தல் போதாது, அனுபவத்தையும் பெயர்க்கவேண்டும் என்பதை இவ்விரு இடங்களும் ஒருசேர உணர்த்துகின்றன.

5

இங்கு எம்மவர் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் அவசியம். பிறர் குற்றத்தை மட்டும் எடுத்துக்காட்டுதல் நேர்மையன்று. அளவு மாற்றம் பண்பு மாற்றமாக மாறும் என்பதற்கு முற்போக்காளர் தமது வகுப்புக்களிலும் சிறுபிரசுரங்களிலும் ஓயாது கையாண்டு வந்த உதாரணம், நீர் 100 பாகையை அடைந்ததும் நீராவியாதல். நாமும் அதனைக் கையாண்டுள்ளோம். சூடு ஏறி ஏறிச் சென்று, நூறாவது பாகையில் திடீரெனப் பாய்ச்சல் நிகழும் என்பதே நாம் வழங்கிய சித்திரம்.

உண்மையில் நிகழ்வது யாது? ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 100 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராமை 100 பாகையிலேயே நீராவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். வெப்பமானி அசையாது நிற்கும் அவ்வேளையிலேயே ஐந்து மடங்கு கூடுதலான வெப்பம் உட்செல்கின்றது. மூலக்கூறுகளின் பிணைப்பை அறுக்கும் வேலையில் அது செலவாகின்றது. நாமோ பாகைகளின் ஏற்றத்தையே அளவு மாற்றம் முழுவதுமாகக் கொண்டோம். வெப்பநிலையை வெப்பமாக எண்ணினோம். பிள்ளைகள் செய்யும் அதே பிழை. ஏங்கெல்ஸ் இதனை அறியாதவரல்லர். 1878இல் நூலாக வெளிவந்த டூரிங்குக்கு எதிரான எழுத்தில் மறைவெப்பம் பற்றி அவர் பேசியுள்ளார். அவரை வாசித்தும் உதாரணத்தை மட்டும் பிடுங்கி மந்திரமாக்கியவர்கள் நாமே. இயங்கியல் இதனால் பொய்த்துவிடவில்லை. புறத்தே மாற்றம் புலப்படாத வேளையில் உள்ளே வேலை நடைபெறுகின்றது என்ற உண்மை அவ்வுதாரணத்தின் பொருளை ஆழமாக்குகின்றது. ஆயினும் ஓர் உதாரணம் ஆராயப்படாது பல்லாண்டு வழங்கியமை, எமது வகுப்புக்களும் பாடநூலின் உரைநடைப் பண்பிலிருந்து விடுபடவில்லை என்பதற்குச் சான்றாகும்.

6

அவ்வாறாயின் எத்தகைய எழுத்து வேண்டும்? வைகொட்ஸ்கி, அவர் மறைந்த 1934இல் வெளியான ‘சிந்தனையும் மொழியும்’ என்ற நூலில், அன்றாடக் கருத்துக்களுக்கும் விஞ்ஞானக் கருத்துக்களுக்குமுள்ள உறவை ஆராய்ந்தார். முன்னவை அனுபவத்திலிருந்து மேல்நோக்கி வளர்வன. பின்னவை பொதுமையிலிருந்து அனுபவத்தை நோக்கி இறங்குவன. இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே கருத்து பிள்ளையின் உடைமையாகின்றது. எமது பாடநூல் மேலிருந்து இறங்கத் தொடங்கிப் பாதிவழியில் நின்றுவிடுகின்றது.

சந்திப்புக்கான களங்கள் எம்மிடத்தில் நிரம்ப உண்டு. பனங்கட்டி காய்ச்சும் பெண், பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டிப் பார்த்துப் ‘பதம்’ என்கிறாள். நீர் வற்றுந்தோறும் பாகின் கொதிநிலை உயர்வதால், அவள் அறிவது பாகின் செறிவையும் வெப்பநிலையையும் ஒருங்கே. அதே பெண் இன்னும் எத்தனை கட்டு விறகு வேண்டுமென்றும் கணக்கிடுகின்றாள். அது வெப்பத்தின் அளவு. இரு கருத்துக்களும் அவளது தொழிலில் தனித்தனியே உள்ளன. அவற்றுக்குப் பெயர் மட்டுமே இல்லை. கொல்லன் உலையிலிருந்து தெறிக்கும் பொறி ஆயிரம் பாகையையும் கடக்கவல்லது. ஆயினும் அவனது காய்த்த கையிற் பட்டு அணைந்துவிடுகின்றது. நூறு பாகைக்கு மேற்படாத கொதிநீரோ ஒரு குவளை அளவே அக்கையை வேகவைத்துவிடும். மலையகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் காற்றும் பதப்படுத்திய தேயிலையை உலர்த்தும் சுடுகாற்றும் ஒரே வெப்பநிலையின அல்ல. உலைக்கு விறகிடும் தொழிலாளியின் பிள்ளைக்கு இது வீட்டுச் செய்தி. இவ்வறிவை வகுப்பறைக்குள் அழைத்துவரும் பாடமே பெயரைத் தேவையானதாக்கும்.

ஆனால் மக்கள் வழக்கு முழுவதையும் விஞ்ஞானமெனப் போற்றும் மற்றைய கோடிக்கும் நாம் செல்லலாகாது. பப்பாசி சூடு, இளநீர் குளிர்ச்சி என்னும் வழக்கு வெப்பமானி அளக்கும் எதனையும் பற்றியதன்று. ‘சூடு’ என்ற ஒரே சொல் உணவின் குணத்தையும் அடுப்பின் நிலையையும் குறிப்பதனால் பிள்ளை குழம்பும். அதிகாலையில் தொடும் இரும்புத் தாழ்ப்பாள் மரக்கதவினும் குளிரானது என்று கையும் பொய் சொல்லும். இரண்டும் ஒரே வெப்பநிலையின. இரும்பு எமது கையின் வெப்பத்தை விரைந்து கொண்டுபோகின்றது என்பதே உண்மை. நல்லாசிரியர் பிள்ளையின் சொல்லையும் கையையும் மதிப்பார். பின் அவற்றைக் கேள்விக்கு உட்படுத்துவார். தழுவலும் மறுப்பும் ஒருங்கே நிகழவேண்டும்.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர், 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலைத் தமிழில் வெளியிட்டார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனைத் தொடர்ந்து தாய்மொழிவழிக் கல்வி விஞ்ஞான பாடங்களுக்கும் விரிந்தது. தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு இவ்வரலாறு என்றோ விடையளித்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பது எவருக்காக, எவரது அனுபவத்தின்மீது, எத்தகைய உரைநடையில் சொல்வது என்ற கேள்வி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாடநூலின் குறையை நிரப்பப் பிரத்தியேக வகுப்பும் ஆங்கில நூலும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கும் கரையோரத்துப் பிள்ளைக்கும் அப்பாடநூல் ஒன்றே உண்டு. அந்நூல் அவர்களோடு பேசவில்லையாயின், வெப்பம் மட்டுமன்று, விஞ்ஞானமே தமக்குரியதன்று என்ற முடிபுக்கு அவர்கள் வந்துவிடுவர்.

எனவே பௌதிகவியலாளரும் ஆசிரியரும் மொழியறிந்தோரும் ஒன்றுகூடிச் சிறுவர் விஞ்ஞான நூல்களை வரிவரியாக ஆராய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அதற்கு ஏற்ற களங்களாகும். ‘வெப்பமானி எதனை அளக்கின்றது?’ என்ற ஒரு கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் கூறும் விடைகளை அவர்களது சொற்களிலேயே குறித்து வருதல் அப்பணியின் முதற்படியாக அமையலாம்.